பின்னால் என்ஜின் வைத்தது பிழையா?

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். அம்பு செய்கிறவன் இரும்பு முனையை எந்தப் பக்கம் பொருத்துகிறான்? முன்பக்கம். ஏன்? குத்துவதற்கு என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அது பாதி விடைதான். முனை மழுங்கியே இருந்தாலும், கனம் முன்னால் இருந்தால்தான் அம்பு நேராகப் போகும். ஐயமிருந்தால் வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு விளக்குமாற்றுக் குச்சியின் நுனியில் சிறிது களிமண்ணை உருட்டி ஒட்டுங்கள். மறுநுனியில் காகிதத்தால் ஒரு வால் கட்டுங்கள். பிறகு மண் உருண்டை பின்பக்கம் இருக்கும்படி எறியுங்கள். போகிற வழியிலேயே குச்சி திரும்பிக்கொண்டு, கனத்தை முன்னால் கொண்டுவந்துவிடும்.

காரில் உள்ள பாகங்களுள் மிகவும் கனமானவற்றில் ஒன்று என்ஜின். அதை எங்கே வைக்க வேண்டும்? குச்சியை எறிந்து பார்த்தவர்கள் 'முன்னால்' என்பார்கள். ஆனால் 1930-களின் இறுதியிலிருந்து 1970-கள் வரை ஐரோப்பாவில் லட்சக்கணக்கில் ஓடிய சிறிய கார்கள் பலவற்றில் என்ஜின் இருந்த இடம் வால். பின் அச்சுக்கும் அப்பால்! ஜெர்மனியின் வோக்ஸ்வாகன், இத்தாலியின் ஃபியட் 600, பிரான்சின் ரெனோ, சிம்கா, பிரிட்டனின் ஹில்மன் இம்ப், செக்கோஸ்லோவாகியாவின் ஸ்கோடா என்று பட்டியல் நீளும்.

இந்தக் கார்களைப் பற்றி இருவகைப் பேச்சு உண்டு. அவை பொறியாளர்கள் செய்த பெரும் பிழை, வளைவில் ஆளைக் கவிழ்க்கும் வண்டிகள் என்பது ஒன்று. பிழையான வண்டி எப்படி மலைப்பாதைப் போட்டிகளில் பெரிய கார்களை எல்லாம் தோற்கடிக்கும், ஆகவே குறை சொல்பவர்களுக்கு ஓட்டத் தெரியாது என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல என்பது என் கருத்து. ஏன் என்று சொல்ல ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். அது ரெனோ 8 கோர்தினி. நான்கு கதவுகள், நான்கு மீட்டர் நீளம், பெட்டி போன்ற உருவம். அதைக் கண்டு யாரும் பந்தயக் கார் என்று சொல்லமாட்டார்கள். நீல வண்ணமும் அதன் மேல் ஓடும் இரண்டு வெள்ளைக் கோடுகளும் மட்டுமே அதைக் காட்டிக்கொடுக்கும்.

ரெனோ 8 என்ற சாதாரணக் குடும்பக் கார் 1962-ல் வெளிவந்தது. அதன் என்ஜினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டமும் 65 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 72 மி.மீ. உருளையின் கன அளவைக் கணக்கிடும் சூத்திரம் உங்களுக்குத் தெரியுமே! போட்டுப் பாருங்கள். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 956 கன செ.மீ. வரும். 1964-ல் வந்த கோர்தினியில் பிஸ்டன் செல்லும் தூரம் அதே 72 மி.மீ.தான். விட்டம் மட்டும் 70 ஆயிற்று. இப்போது 1108 கன செ.மீ. பிறகு வந்த மாதிரியில் விட்டம் 74.5, அளவு 1255. விட்டத்தில் 5 மி.மீ. கூடினால் கன அளவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. விட்டத்தின் வர்க்கம் செய்யும் வேலை இது.

ஆனால் கன அளவு ஆறில் ஒரு பங்கு கூடியபோது, திறன் ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று! சாதாரண ரெனோ 8 ஐம்பது குதிரைத் திறனைக்கூட எட்டாதது. கோர்தினியின் என்ஜினுக்கு அக்கால அளவீட்டு முறைப்படி 95 குதிரைத் திறன். இதைச் செய்தவர் அமெதே கோர்தினி. இத்தாலியில் பிறந்து பிரான்சில் குடியேறியவர். பிரெஞ்சுக்காரர்கள் அவரை 'மந்திரவாதி' என்று அழைத்தார்கள். அவர் செய்ததில் மந்திரம் ஏதும் இல்லை. என்ஜின் என்பது ஒரு வகையில் காற்றை உறிஞ்சும் பம்பு. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அவ்வளவு பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். பழைய மூடியில் காற்று ஒரு பக்கம் நுழைந்து, வளைந்து, அதே பக்கமாகப் புகையாக வெளியேற வேண்டும். கோர்தினி மூடியையே மாற்றினார். ஒரு பக்கம் நுழைந்த கலவை மறுபக்கமாக வெளியேறும்படி குறுக்கே வழி விட்டார். எரியும் அறையை அரைக்கோள வடிவில் குடைந்தார். அரைக்கோளத்தின் சரிவுகளில் பெரிய வால்வுகளைப் பொருத்த இடம் கிடைத்தது. இரட்டைத் தொண்டையுள்ள கார்புரேட்டர்கள் இரண்டை வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் தொண்டை கொடுத்தார். அவ்வளவுதான். மூக்கடைப்பு நீங்கியவனைப் போல என்ஜின் மூச்சு விட்டது.

இந்த என்ஜின் இன்னும் வாலில்தான் இருந்தது. என்ஜினுக்கும் பின்னால் ரேடியேட்டர். காரின் கனத்தில் ஐந்தில் மூன்று பங்கு பின் சக்கரங்களின் மேல். சாமான் வைக்கும் பெட்டி முன்னால்.

என்ஜினை ஏன் அங்கே வைத்தார்கள்? முக்கியமான காரணம் பணம். என்ஜின் முன்னால் இருந்து பின் சக்கரங்களைச் சுழற்ற வேண்டுமானால், காரின் நடுவே ஒரு நீண்ட தண்டு ஓட வேண்டும். அந்தத் தண்டுக்காகத் தரை மேடாகும். சிறிய காரில் கால் வைக்க இடம் போய்விடும். முன் சக்கரங்களையே சுழற்றலாமே என்றால், திரும்பவும் வேண்டும், சுழலவும் வேண்டும் என்கிற சக்கரத்துக்குச் சிக்கலான இணைப்புகள் தேவை. அன்று அவை விலை அதிகம். விரைவில் தேய்ந்தும் போயின. சித்ரோயன் 1934-லிருந்தே அப்படிச் செய்துகாட்டியது உண்மை. ஆனால் மலிவான சிறிய காருக்கு அது எளிதாகக் கட்டுப்படியாகவில்லை. என்ஜின், கியர்ப்பெட்டி, அச்சு மூன்றையும் ஒரே கட்டியாகச் சேர்த்து வாலில் மாட்டிவிட்டால் தண்டும் இல்லை, சிக்கலான இணைப்பும் இல்லை. முன்பக்கம் கனமில்லாததால் ஸ்டியரிங் சக்கரத்தை ஒரு கையால் திருப்பலாம். ஆக, இது முட்டாள்தனத்தால் வந்த அமைப்பு அல்ல. பட்ஜெட்டால் வந்த அமைப்பு.

இந்த மலிவு அமைப்புக்கு எதிர்பாராத சில வரங்களும் கிடைத்தன. முதல் வரம் ஏற்றத்தில் தெரியும். 1000 கிலோ எடையுள்ள மூன்று கார்களை எடுத்துக்கொள்வோம். 10 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் ஒரு மலைச்சாலை. அதில் உறைபனி. உராய்வுக் குணகம் 0.2 என்க. சரிவில் ஏற ஒவ்வொரு காருக்கும் ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமமான உந்துவிசை தேவை. சரிவில் நிற்கும் காரின் பளு சற்றுப் பின்னோக்கிச் சாயும்; அதை 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கார்: என்ஜின் முன்னால், சுழலுவது பின் சக்கரம். பின்னால் உள்ள பளு 450 கிலோ. சாய்ந்தது 20. மொத்தம் 470. இதில் ஐந்தில் ஒரு பங்கு 94. நூறு வேண்டும், 94 தான் இருக்கிறது. சக்கரம் பனியில் சுழலும், கார் நகராது. இரண்டாவது கார்: என்ஜின் முன்னால், சுழலுவதும் முன் சக்கரம். முன்னால் 600, சாய்ந்த 20 போக 580. பிடிப்பு 116. ஏறிவிடும். மூன்றாவது நம் வால் என்ஜின் கார்: பின்னால் 600, சாய்ந்தது சேர்த்து 620. பிடிப்பு 124. மூன்றிலும் நன்றாக ஏறும். ஏற்றம் செங்குத்தாக ஆக, இரண்டாவது கார் பிடிப்பை இழக்கும். மூன்றாவது கார் பெறும்.

இது வெறும் தாள் கணக்கு அல்ல. 1965-ம் ஆண்டின் துலிப் ராலியை நினைவுகூர்கிறேன். ராலி என்பது எல்லாரும் வரிசையாக நின்று ஒன்றாகப் புறப்படும் பந்தயம் அல்ல. ஓட்டுநர் ஒருவர், வழி சொல்பவர் ஒருவர், இருவரும் ஒரே காரில் பொதுச்சாலை வழியே நாட்கணக்கில் போவார்கள். நடுநடுவே அடைத்துவிட்ட மலைப்பாதைகளில் கடிகாரத்தோடு போட்டியிடுவார்கள். துலிப் ராலியை நடத்தியவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். அந்த ஆண்டு ஆல்ப்ஸ் மலையில் பனி கொட்டியது. வென்றது 875 கன செ.மீ. என்ஜின் கொண்ட ஹில்மன் இம்ப். அதுவும் வால் என்ஜின் கார்தான். ஓட்டியவர் டப்ளின் நகரைச் சேர்ந்த ரோஸ்மேரி ஸ்மித். வழி சொன்னவர் வாலரி டோம்லியோ. இரண்டு பெண்கள்! ஆடை வடிவமைப்புப் படித்துவிட்டுக் காரோட்ட வந்தவர் ரோஸ்மேரி. அடுத்த ஆண்டு மாண்டி கார்லோ ராலியில் முகப்பு விளக்கு விதிப்படி இல்லை என்று, முதல் மூன்று இடங்களில் வந்த மினி கார்களோடு அவர் காரையும் தள்ளிவிட்டார்கள். அந்தச் சண்டை பெரிய கதை. அதற்குள் போனால் இந்தக் கட்டுரை முடியாது.

இரண்டாவது வரம் பிரேக்கில். ஓடும் கார் சட்டென்று நிற்கும்போது நீங்கள் முன்னால் சாய்கிறீர்கள் அல்லவா? காரின் பளுவும் அப்படியே சாய்கிறது. அழுத்திப் பிரேக் போட்டால் 1000 கிலோ காரில் 150 கிலோ முன் சக்கரங்களுக்கு மாறிவிடும். முன்பக்கம் 600, பின்பக்கம் 400 உள்ள காரில் அது 750, 250 ஆகும். பின் பிரேக்குகளுக்கு வேலையே இல்லை. முன் பிரேக்குகள் மட்டும் கொதிக்கும். வால் என்ஜின் காரில் முன்பக்கம் 400, பின்பக்கம் 600. பளு மாறியதும் 550, 450. நான்கு சக்கரங்களும் ஏறக்குறையச் சமமாக உழைக்கும்! ரெனோ 8 தன் வகைச் சிறு கார்களில் யாரும் செய்யாதபோதே நான்கு சக்கரங்களுக்கும் வட்டு பிரேக் வைத்து வந்தது. அதன் பளு அமைப்போடு சேர்த்துப் பார்த்தால் அது எவ்வளவு பொருத்தம் என்று புரியும்.

இனிச் சாபத்துக்கு வருவோம். வளைவில் திரும்பும்போது காரைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிப்பவை டயர்களே. பின்பக்கம் 600 கிலோ இருந்தால், பக்கவாட்டு விசையிலும் ஐந்தில் மூன்று பங்கைப் பின் டயர்கள் தாங்க வேண்டும். 'பளு கூடினால் உராய்வும் அதே விகிதத்தில் கூடுமே, பிறகென்ன?' என்று கேட்கிற மாணவன் புத்தகத்தை ஒழுங்காகப் படித்தவன்தான். ஆனால் ரப்பர் அந்த விதிக்கு முழுக்கக் கட்டுப்படுவதில்லை. டயரின் மேல் பளு இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை. சற்றுக் குறைவாகவே கூடும். (மேலே பனியில் போட்ட கணக்கும் அந்த அளவுக்குத் தோராயமானதுதான்.) ஆகவே அதிகப் பளு தாங்கும் பின் டயர்கள் முன் டயர்களைக் காட்டிலும் அதிகமாகப் பக்கவாட்டில் நழுவும். பின்பகுதி வெளியே நழுவினால் முகம் உள்ளே திரும்பும். ஓட்டுநர் கேட்டதைவிடக் கார் அதிகமாகத் திரும்புகிறது. இது மிகைத்திருப்பம். முன் டயர்கள் அதிகம் நழுவும் காரில் இதற்கு எதிராக நடக்கும். கேட்டதைவிடக் குறைவாகத் திரும்பும். களிமண்ணைப் பின்னால் வைத்து எறிந்த குச்சி ஞாபகம் இருக்கிறதா? அங்கே காற்று செய்ததை இங்கே தரை செய்கிறது.

இதோடு போகவில்லை. அந்தக் கால மலிவுக் கார்கள் பலவற்றில் பின் சக்கரங்களைத் தாங்கியது ஊசல் அச்சு. இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கைகளை வெளிப்புறம் பார்க்க மடக்கி நில்லுங்கள். உங்கள் தோள்தான் கியர்ப்பெட்டி, கை அச்சு, உள்ளங்கை சக்கரம். இப்போது முழங்காலை மடக்கி எழும்புவது போல உடலை மட்டும் உயர்த்தி, கைகள் கீழ்நோக்கிச் சரியட்டும். இரண்டு உள்ளங்கைகளின் அடிப்பகுதியும் உட்பக்கமாக மடங்குகின்றன அல்லவா? வேகமான வளைவில் காரின் பின்பகுதி மேலெழும்பினால் சக்கரங்கள் இப்படித்தான் மடங்கும். டயரின் ஓரம் மட்டும் தரையில் படும். ஏற்கெனவே நழுவத் துடிக்கும் பின்பகுதிக்கு இருந்த பிடியும் போய்விடும்.

கோர்தினியைச் செய்தவர்களுக்கு இது தெரியாததல்ல. காரைத் தாழ்த்தினார்கள். அதனால் பின் சக்கரங்கள் மேல்பகுதி உள்ளே சாய, கால் அகட்டி நிற்பது போல நின்றன. பின்னாலிருந்து பார்த்தாலே தெரியும். ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் அதிர்வு தாங்கிகள் இரண்டு வைத்தார்கள். 1255 கன செ.மீ. மாதிரியில் முன்பெட்டிக்குள் இன்னொரு பெட்ரோல் தொட்டியை வைத்தார்கள். தூரம் போகவும் உதவும், முன்பக்கத்துக்குக் கனமும் ஆகும். காரை வாங்கியவர்களில் சிலர் முன்பெட்டியில் ஒரு மணல் மூட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டினார்கள். எத்தனை நேர்த்தியான என்ஜின்! அதற்கு மருந்து ஒரு மணல் மூட்டை!

இப்படிப்பட்ட காரை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் தெரியுமா? கோர்சிகாவில். மத்தியதரைக் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவு அது. நெப்போலியன் பிறந்த இடம். கடலிலிருந்து கிளம்பிய மலை 2,706 மீட்டர் வரை உயர்கிறது. சாலைகள் பாறையைச் சுற்றிச் சுற்றிப் போகும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அங்கே நடக்கும் ராலிக்குப் 'பத்தாயிரம் வளைவுகளின் ராலி' என்றே பெயர். வளைவில் நழுவும் காரைப் பத்தாயிரம் வளைவுகள் உள்ள இடத்துக்குக் கொண்டுபோவது விபரீதம் என்றுதான் நீங்களும் நானும் சொல்வோம்.

நடந்ததோ வேறு. 1956-ல் அந்த ராலி முதன்முதலாக நடந்தபோதே வென்றது ரெனோவின் வால் என்ஜின் காரான தோஃபீன். ஓட்டியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜில்பெர்த் திரியோன் என்ற பெண்மணி. கோர்தினி வெளிவந்த 1964-ம் ஆண்டிலேயே ழான் வினாத்தியே அதில் வென்றார். 1965-ல் பியர் ஓர்சினி. 1966-ல் ழான் ஃப்ரான்சுவா பியோ. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, அந்தப் பெட்டி போன்ற கார்!

எப்படி? அவர்கள் சாபத்தையே கருவியாக்கிக்கொண்டார்கள். வளைவுக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே பிரேக் போட்டு முடித்துவிட வேண்டும். அப்போது நான்கு வட்டுகளும் சமமாக உழைக்கும் என்று மேலே பார்த்தோம். பிறகு முகத்தை உள்ளே திருப்பினால், கனமில்லாத முன்பகுதி மறுபேச்சின்றித் திரும்பும். பின்பகுதி சுழன்று வெளியே வரும். அந்த நொடியில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டும். கார் முன்னோக்கிப் பாயும்போது பளு பின்னால் சாய்ந்து பின் டயர்களைத் தரையோடு அழுத்தும். நழுவல் நிற்கும். கார் வளைவைவிட்டுத் துப்பாக்கிக் குண்டு போலக் கிளம்பும். நேர்ச்சாலையே இல்லாத தீவில், வளைவைவிட்டு முதலில் கிளம்புகிறவன்தான் வெல்வான். குதிரைத் திறன் அதிகமுள்ள பெரிய கார்கள் அங்கே தங்கள் திறனைக் காட்ட இடமின்றித் தவித்தன.

இங்கேதான் நான் இரண்டாம் கட்சியாரோடு முரண்படுகிறேன். 'பார்த்தீர்களா, அமைப்பில் குறையே இல்லை' என்கிறார்கள் அவர்கள். அந்த ஓட்டுநர் செய்ததை மறுபடி பாருங்கள். கார் நழுவத் தொடங்கும் நொடியில் அவர் காலை மிதிக்கிறார். சாதாரண மனிதன் என்ன செய்வான்? பயந்துபோய்க் காலை எடுப்பான். நானும் அதைத்தான் செய்வேன். உங்கள் அப்பாவும் அதைத்தான் செய்வார். காலை எடுத்தால் பளு முன்னால் ஓடும். பின் டயர்கள் லேசாகும். நழுவல் இன்னும் அதிகமாகும். முன்னால் கனமுள்ள காரில் அதே பயந்த கால் நன்மை செய்யும்: முன் டயர்களுக்குப் பளு கூடி, கார் வளைவுக்குள் வந்துவிடும். ஆக வேறுபாடு வேகத்தில் இல்லை, வலிமையில் இல்லை. பயந்தவனை ஒரு கார் மன்னிக்கிறது, இன்னொன்று தண்டிக்கிறது. கோர்சிகாவில் வென்றவர்கள் பயப்படாமல் இருக்கப் பழகியவர்கள். அவர்கள் வெற்றி அந்தக் காரைப் பற்றிச் சொல்வது ஒன்று. நான்கு பேர் உள்ள குடும்பத்தோடு மழையில் ஊருக்குப் போகிறவரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆனால் விளம்பரங்களுக்கு அந்த வேறுபாடு ஒருபோதும் தேவைப்பட்டதில்லை.

என்னை மிகவும் உறுத்துவது இன்னொரு செய்தி. வால் என்ஜின் கார்களின் நழுவலை அடக்கத் தயாரிப்பாளர்கள் கண்ட மிக மலிவான வழி காற்று! முன் டயர்களில் காற்றைக் குறைத்துவிட்டால் அவையும் அதிகம் நழுவும். பின் டயர்களின் நழுவலோடு சமமாகிவிடும். ஹில்மன் இம்பின் முன் டயர்களில் பின் டயர்களின் அளவில் ஏறத்தாழப் பாதி அழுத்தமே இருக்க வேண்டும். அமெரிக்காவின் வால் என்ஜின் காரான ஷெவர்லே கோர்வேருக்கு முன்னால் 15, பின்னால் 26 பவுண்டு. கையேட்டில் இது அச்சிடப்பட்டிருந்தது. சரி, கையேட்டை யார் படிக்கிறார்கள்? காற்றடிக்கும் இடத்தில் இருக்கும் பையன் நான்கு டயருக்கும் ஒரே அளவு காற்றை அடித்து அனுப்புவான். அவனைக் குறை சொல்ல முடியுமா? அவன் காலையிலிருந்து எல்லாக் கார்களுக்கும் அப்படித்தான் அடிக்கிறான். அந்த ஒரு நிமிடத்தில் பொறியாளர் போட்ட கணக்கு முழுவதும் அழிந்துவிடுகிறது. ஒரு குடும்பத்தின் உயிரை இரண்டு எண்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தில் தொங்கவிட்டு, அந்த எண்களைக் கையேட்டில் வைத்து மூடிவிடலாமா? கூடாது என்பேன். இதைத்தான் ரால்ஃப் நேடர் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 1965-ல் தம் புத்தகத்தில் கோர்வேரை முன்வைத்துக் கேட்டார். நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972-ல் வெளியான அமெரிக்க அரசின் ஆய்வு, கோர்வேர் தன் காலத்துப் பிற கார்களைவிட மோசமானதல்ல என்று முடிவு கூறியது. இருக்கலாம். அக்காலத்துப் பிற கார்களும் அவ்வளவு நல்லவையாக இருக்கவில்லை என்பதும் அதற்குள் அடங்கும்.

அப்படியானால் முதல் கட்சியார் சொல்வது போல அது முழுப் பிழைதானா? அதையும் ஒப்பமாட்டேன். ஒரே உண்மை, பளு பின்னால் இருப்பது. ஏற்றத்தில் அது வரம், பிரேக்கில் வரம், வளைவில் தேர்ந்தவனுக்கு வரம், பயந்தவனுக்குச் சாபம், குறுக்கே வீசும் காற்றில் எல்லாருக்குமே தொல்லை. இதில் எந்தப் பங்கை வைத்துக்கொண்டு எதை விடுவது என்பது யாருக்காகக் கார் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. 1966-ல் கோர்தினிக் கார்களுக்கென்றே ஒரு கோப்பைப் போட்டி தொடங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே கார். ஓட்டும் கைதான் வேறு. மூடிய பந்தயத் தளங்களில் இளைஞர்கள் நழுவவும் சமாளிக்கவும் கற்றார்கள். அங்கே பயின்றவர்களுள் ஒருவரான ழான் பியர் ஜபூயி 1979-ல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் வென்று, டர்போ என்ஜினுக்கு ஃபார்முலா ஒன்றில் முதல் வெற்றி தேடித்தந்தார். கற்பிக்கும் கருவியாக அந்தக் கார் அருமையானது. எல்லார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டிய கார் அதுவல்ல.

ரெனோவும் அப்படித்தான் முடிவு செய்ததுபோலும். 1970-ல் வந்த ரெனோ 12 கோர்தினியில் என்ஜின் முன்னால். சுழலுவதும் முன் சக்கரம். பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். வால் என்ஜின் மட்டும் ராலியில் இன்னும் சிறிது காலம் நீடித்தது. ரெனோ 8-ன் பாகங்களைக் கொண்டே உருவான ஆல்பீன் ஏ110, 1973-ல் முதன்முதலாக நடந்த உலக ராலி பட்டத்தைத் தயாரிப்பாளருக்கு வாங்கிக்கொடுத்தது. 1977-ல் மாண்டி கார்லோவில் ஸ்கோடா 130 ஆர்.எஸ். கார்கள் தம் வகுப்பில் முதலிரண்டு இடங்களையும் பிடித்தன.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. 2014-ல் ரெனோவே தன் ட்விங்கோ காரில் என்ஜினை மறுபடி பின்னால் கொண்டுபோய் வைத்தது. இன்றைய மின்சாரக் கார்கள் சிலவற்றிலும் மோட்டார் பின் அச்சில்தான் இருக்கிறது. பழைய சாபம் எங்கே போயிற்று? அதே 2014-ம் ஆண்டு முதல் ஐரோப்பாவில் விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் நழுவல் தடுப்புக் கருவி கட்டாயமாயிற்று. ஓட்டுநர் எங்கே திருப்பச் சொல்கிறார், கார் எங்கே திரும்புகிறது என்று உணர்வான்கள் நொடிக்குப் பலமுறை ஒப்பிடுகின்றன. இரண்டும் பொருந்தாவிட்டால், எந்தச் சக்கரத்துக்குப் பிரேக் போட்டால் கார் நேராகுமோ அந்த ஒரு சக்கரத்தை மட்டும் கணிப்பொறி பிடித்து நிறுத்துகிறது. பயந்தவன் காலை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சரி. வினாத்தியேயும் ஓர்சினியும் காலால் செய்ததன் ஒரு பகுதியை அது செய்கிறது. அவர்களால் செய்யவே முடியாத ஒன்றையும் செய்கிறது. ஒரே ஒரு சக்கரத்துக்குப் பிரேக் போட எந்த மனிதக் காலாலும் முடியாது.

ரோஸ்மேரி ஸ்மித்தைப் பாதியில் விட்டுவிட்டேன். 2017-ல், தம் 79-ம் வயதில், அவரை ஒரு ஃபார்முலா ஒன்று காரில் உட்காரவைத்து ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினார். அந்தக் காரிலும் என்ஜின் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. ஆனால் பின் அச்சுக்கு முன்னால்.